ஊர் வந்தவர்க்கு ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருகிறவர்களின் நாட்கள் வங்கியிலும் பத்திரப் பதிவிலும் விசேஷ வீடுகளிலும் கரைந்துவிடுகின்றன. வீட்டு மனிதர்கள் மட்டும் சேர்ந்து கிளம்பும் ஒரே ஒரு நாள் அந்த விடுப்பின் அர்த்தத்தையே மாற்றிவிடும்.

திருச்சி விமான நிலையத்தின் வருகை வாசலில் விடியற்காலையில் நின்றால் டெல்டாவின் பாதி ஊர்ப் பெயர்களைக் கேட்டுவிடலாம். ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி, லால்குடி என்று பல ஊர்களிலிருந்தும் வேன் பிடித்து வந்து குடும்பங்கள் காத்திருக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள், தலை நிறையப் பூ வைத்த மனைவிமார், தூணோரம் உட்கார இடம் தேடும் பெரியவர்கள். 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாக் கழுத்தும் ஒன்றாக நீள்வது மட்டும் பழைய முனையத்தில் பார்த்த மாதிரியேதான்.

2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. போன நாடுகளில் சிங்கப்பூர் முதலிடம். அடுத்த இடங்களில் ஐக்கிய அரபு அமீரகமும் சவுதி அரேபியாவும். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும் நேரத்தைவிடக் குறைவு. ஆனாலும் அந்தத் தூரத்தைக் கடக்கப் பலருக்கு ஓராண்டும் ஈராண்டும் ஆகின்றன. தூரத்தை அளப்பது விடுப்புதான். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் ஆண்டில் ஊதியத்தோடு கூடிய விடுப்பு குறைந்தது 7 நாள். ஆண்டுக்கு ஒரு நாள் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாளாகும். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள். சவுதியில் 21 நாள், ஐந்தாண்டு முடித்தால் 30 நாள். கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்கள் இந்த நாட்களைச் சேர்த்து வைத்து, டிக்கெட் விலை இறங்கும் நேரம் பார்த்து ஊருக்குக் கிளம்புகிறார்கள்.

அப்படிச் சேர்த்த நாட்கள் வந்து இறங்கியபின் எங்கே போகின்றன?

பெட்டி பிரித்த பிறகு

முதல் நாள் பெட்டி பிரிப்பதில் போய்விடும். கோடாலித் தைலம் யார் யாருக்கு, சாக்லேட் எந்தெந்த வீட்டுக்கு, கைலி எந்தப் பெரியப்பாவுக்கு என்று அம்மாவும் மனைவியும் பங்கு வைப்பார்கள். மறுநாளிலிருந்து வாசலில் செருப்புகள் குறையாது. பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம், போய்ப் பார்க்காவிட்டால் வருத்தப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம். வங்கியில் கையெழுத்து, ஆதாரில் திருத்தம், பட்டா மாற்றம், பாதியில் நிற்கும் மாடி, பிள்ளைக்குப் பள்ளி மாற்றம். அண்ணன் வரட்டும் என்று தள்ளிவைத்த காதணி விழா. ஆடி மாதமாக இருந்தால் பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கங்களில் மொய் விருந்து. ஒருநாள் குலதெய்வம் கோயில். அப்புறம் திரும்பிப் போகும் பெட்டியில் என்ன வைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடும்.

இவற்றில் எதுவும் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். உறவு முறையைக் காப்பாற்றத்தான் கடல் கடந்து உழைக்கிறார்கள். ஆனால் இந்த வரிசையில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று தனியாக ஒரு நாள் பெரும்பாலும் இருப்பதில்லை. வந்தவர் அந்த வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். முதல் இலை அவருக்கு, காற்றாடிக்குக் கீழே நாற்காலி அவருக்கு, பிள்ளைகளுக்கு "அப்பா தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க" என்ற அதட்டல். உபசாரம் கூடக் கூட நெருக்கம் குறைகிறது. அப்பாவை மரியாதையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள், அவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்காரத் தயங்குகிறார்கள்.

வீடியோ அழைப்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது பெரிய ஆறுதலும்கூட. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் போனை எடுத்தால் இங்கே மாலை ஆறரை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, விளக்கு வைக்கும் நேரம். நாள் தவறாமல் முகம் பார்க்க முடிகிறது. ஆனால் போனில் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. "சாப்பிட்டியா, படிச்சியா, அம்மா பேச்சைக் கேக்குறியா" என்று மூன்று கேள்விக்குள் பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகள் மனம் திறப்பது எதிரே உட்கார்ந்து அல்ல, கூடவே நடக்கும்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போகும்போதும்தான். அதற்கு ஒரு வழி வேண்டும், போக ஓர் இடம் வேண்டும், அவசரமில்லாத ஒரு நாள் வேண்டும்.

புளிச்சோறு கிண்டிய அண்ணன்

என் அண்ணனும் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருப்பவர்தான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போன முறை ஆனி மாதக் கடைசியில் வந்திருந்தார். வழக்கமான அலைச்சலுக்கு நடுவே அண்ணியின் பிடிவாதத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலியாக வைக்கப்பட்டது. கல்லணைக்குப் போய்வருவது என்று முடிவானது.

வெளியே கிளம்புவது என்றால் நம் வீடுகளில் பெண்களுக்கு அது கூடுதல் வேலை நாள். எல்லோரும் எழுந்திருக்கும் முன் எழுந்து கட்டுச்சோறு தயார்செய்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, கிளம்பும்போதே களைத்துவிடுவார்கள். அன்றைக்கு விடியுமுன் அடுப்படியில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அண்ணன் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டில் அறை எடுத்துத் தங்கும் நம் ஆட்களுக்குச் சமையல் தெரியும். முறை வைத்துச் சமைப்பார்கள். இன்றைக்கு ஒருவர் குழம்பு வைத்தால் நாளைக்கு இன்னொருவர். பத்துப் பன்னிரண்டு பேருக்கு அளவு தெரிந்து உலை வைக்கிற கை அது. ஊருக்கு வந்ததும் அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் உட்கார வைத்துவிடுகிறோம்.

அண்ணன் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, வறமிளகாய் தாளித்தார். மஞ்சளும் பெருங்காயமும் போட்டுப் புளிக்கரைசலை விட்டு, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும்வரை கொதிக்கவிட்டார். வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவினார். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு ஆறவிட்டு, பருக்கை உடையாமல் கரண்டிக் காம்பால் புரட்டினார். புளியும் எண்ணெயும் சேர்ந்தால் சோறு ராத்திரி வரை கெடாது. நம் முன்னோர் வண்டி கட்டிப் போன காலத்திலிருந்து வரும் பக்குவம் இது.

தயிர்ச்சோற்றை அம்மா யாரிடமும் விடவில்லை. சோற்றைச் சூட்டோடு குழைய மசித்துக் காய்ச்சிய பாலை நிறைய ஊற்றினார். வெதுவெதுப்பானபின் ஒரு கரண்டித் தயிர் மட்டும். மதியம் தூக்கைத் திறக்கும்போது பால் உறைந்து தயிராகியிருக்கும், புளித்திருக்காது. தொட்டுக்கொள்ள மாவடு, உருளைக்கிழங்கு வறுவல்.

"இவ்வளவு தெரியுமா உங்களுக்கு? போன்ல ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றார் அண்ணி.

"போன்ல நீ என்ன கேட்ட? சாப்பிட்டீங்களான்னு கேட்ட. சாப்பிட்டேன்னு சொன்னேன்."

அண்ணி எதுவும் சொல்லாமல் வாழையிலை நறுக்கப் போனார். பிள்ளைகள் இரண்டும் அடுப்படி வாசலில் நின்று அப்பா சோறு புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அவர்கள் பார்க்காத அப்பா அவர். பணம் அனுப்புகிற அப்பா, பொம்மை வாங்கி வருகிற அப்பாவோடு, வேலை செய்கிற அப்பாவும் அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

தண்ணீர் வரும் வழியில்

கல்லணையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்டது கல்லணைக் கால்வாய். எங்கள் பக்கத்தில் புது ஆறு என்போம். சுமார் 148 கிலோமீட்டர் நீளம். தஞ்சாவூர் நகரத்துக்குள் புகுந்து ஓடி, கிளைகளாகப் பிரிந்து, காவிரி தொடாத மேட்டுப்பூமியான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களுக்கு நீர் தருகிறது. நாங்கள் குதித்து விளையாடிய வாய்க்கால், அண்ணன் நீச்சல் பழகிய மதகு, அப்பா முறைத் தண்ணீருக்காக ராத்திரியில் மண்வெட்டியோடு காத்துக்கிடந்த வரப்பு எல்லாம் அந்த ஆற்றின் வால்கள். தலையை மட்டும் எங்கள் வீட்டில் பலர் பார்த்ததில்லை.

தஞ்சாவூர் தாண்டி பூதலூர் வழியாகப் போகும்போது இருபுறமும் குறுவை நட்ட வயல்கள். வேனில் பின் இருக்கையில் அண்ணனும் பிள்ளைகளும். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் தான் படித்ததை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். சோழன் கரிகாலன் கட்டியது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. ஆற்று மணலில் பாறைகளைப் போட, அவை தண்ணீர் அரிப்பில் அமிழ, அவற்றின் மேல் மறுபடியும் பாறைகளைப் போட்டு, இடையே களிமண் பூசி எழுப்பியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்து, ஆழம் காணமுடியாத மணலிலும் அடித்தளம் போட முடியும் என்பதைக் கற்றுக்கொண்டார். அவர்தான் 'கிராண்ட் அணைக்கட்' என்று பெயரிட்டார்.

கட்டட வேலைக்காரரான அண்ணன் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடித்தளம் என்பது அவர் தொழில். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்த மண்ணில் கட்டடம் எழுப்ப எவ்வளவு ஆழத்துக்குத் தூண் இறக்குகிறார்கள், இரும்பு கட்டும்போது எங்கே பிழை வரும், கான்கிரீட் போட்ட இரவு ஏன் தூங்க முடியாது என்று மகளுக்குச் சொல்லத் தொடங்கினார். தன் அப்பா அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. வழியில் டீக்கடையில் வேன் நின்றபோதும் பேச்சு நிற்கவில்லை. வீட்டில் இது நடந்திருக்காது. அங்கே இப்படிப் பேச ஒரு சாக்குக் கிடைத்திருக்காது.

கல்லணைப் பாலத்தில் நின்றால் தண்ணீர் பங்கு பிரியும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம். வடக்கே வெள்ள நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் கொள்ளிடம். அதற்குத் தெற்கே காவிரி, வெண்ணாறு, கடைசியாகப் புது ஆறு. மேட்டூர் திறந்து மூன்று நாள் அளவில் தண்ணீர் இங்கே வந்து சேரும். வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. 2022-இல் முன்கூட்டியே மே 24 அன்று திறந்தார்கள். 2024-இல் நீர் இருப்பு போதாமல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தத் தேதிகளை வைத்துத்தான் எங்கள் பக்கத்தில் குறுவை உண்டா இல்லையா என்பதும், அந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுக்கப் போவார்கள் என்பதும் முடிவாகும்.

"அப்பாயி, நம்ம வாய்க்கா இங்கேருந்துதான் வருதா?" என்று கேட்டான் சின்னவன்.

"ஆமாய்யா. உங்க தாத்தா இந்தத் தண்ணிக்குத்தான் ராவெல்லாம் கண்ணு முழிச்சாரு. இது வராத வருஷந்தான் உங்கப்பன் கப்பலேறுனான்" என்றார் அம்மா.

அண்ணன் போனது விமானத்தில். எங்கள் அம்மாவின் தலைமுறைக்கு வெளிநாடு என்றாலே கப்பல்தான். ஆனால் அம்மா சொன்ன காரணம் சரி. தண்ணீருக்கும் தன் அப்பா ஊரில் இல்லாததற்கும் உள்ள தொடர்பை அந்தப் பையன் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டுத் தெரிந்துகொண்டான். எந்தப் பாடப்புத்தகமும் அவனுக்கு இதைச் சொல்லியிருக்காது.

வீட்டிலிருப்பவரையும் பார்க்கும் நாள்

மதியம் மரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்தோம். பக்கத்தில் ஆற்று மீனை மசாலா தடவி வறுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவனுக்கு மீன் வேண்டும். அப்பா பக்கத்திலேயே இருக்க, அவன் எழுந்து போய் அம்மாவிடம் கேட்டான். அண்ணன் அதைக் கவனித்தார். முகத்தில் ஒரு நொடி வாட்டம் தெரிந்தது. இது வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா அப்பாக்களுக்கும் நேர்வது. பிள்ளைகள் அன்பில்லாமல் செய்வதல்ல. அனுமதி கேட்க வேண்டிய ஆள் அம்மா என்று நாட்கள் அவர்களைப் பழக்கியிருக்கின்றன.

அண்ணி அந்த வாட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அப்பாகிட்ட கேளு, அப்பாவைக் கூட்டிட்டுப் போயி நீயே பாத்து வாங்கு" என்று அனுப்பினார். முள் இல்லாத துண்டாகப் பார்த்து வாங்கி, அண்ணன் பிய்த்துக் கொடுக்கக் கொடுக்க அவன் சாப்பிட்டான்.

இந்த நாள் வந்தவருக்கு மட்டுமானதல்ல. வீட்டிலிருப்பவருக்கும் உரியது. வருடம் முழுவதும் வங்கி, பள்ளி, ஆஸ்பத்திரி, வயல், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் தனியாகப் போய்வருகிற பெண் அவர். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதும், கொத்தனாரிடம் கணக்குக் கேட்கத் துணிந்ததும் கணவர் இல்லாத நாட்களில். வீட்டில் நாலு பேர் முன்னால் கணவர் எடுக்கும் முடிவாகத் தெரிவது பலவும் இவர் ஏற்கெனவே எடுத்து முடித்தது. அன்றைக்கு வேன்காரரிடம் வாடகை பேசியது, எந்த வழியில் சாலை வேலை நடக்கிறது என்று சொன்னது, அம்மாவின் சர்க்கரை மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுத்தது எல்லாம் அண்ணிதான். பக்கத்தில் இருந்து பார்த்த அண்ணனுக்குத் தான் இல்லாத வீடு எப்படி நடக்கிறது என்று விளங்கியது. திரும்பும் வழியில் மாடி வேலையைப் பற்றி அவர் முதலில் கேட்டது அண்ணியிடம்தான்.

விடுப்பில் வருகிறவர் விட்டுப்போன வீட்டுக்குத் திரும்புவதில்லை. அது மாறியிருக்கும், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், மனைவி இன்னொரு மனுஷியாக நிமிர்ந்திருப்பார், அம்மாவின் நடை தளர்ந்திருக்கும். இந்த மாற்றங்களைத் தெரிந்துகொண்டு அவற்றுக்குள் தன் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு நாளாவது கூடவே இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்

• ஓர் இடம் போதும். ஒரே நாளில் கோயில், அணை, பூங்கா, துணிக்கடை என்று அடுக்கினால் நாள் முழுக்க வண்டியில்தான் போகும். பெரியவர்கள் நடக்கக்கூடிய தூரம், நிழல், கழிப்பறை மூன்றையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

• வந்தவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சமையல், பிள்ளைகளைக் கிளப்புவது, பை தூக்குவது எதுவானாலும் சரி. அந்த நாளின் பாரம் ஒருவர் தலையில் விழக்கூடாது.

• வீட்டு மனிதர்கள் மட்டும் போதும். உறவினர்களுக்கு வேறு நாட்கள் இருக்கின்றன.

• தண்ணீரிடம் எச்சரிக்கை வேண்டும். மதகுகளுக்குக் கீழே சுழல் இருக்கும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஊர் வாய்க்காலில் நீச்சல் பழகியவர்களும் இங்கே இறங்கக் கூடாது.

• திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணைக்கும் முக்கொம்புக்கும் நகரப் பேருந்துகள் போகின்றன. வேன் பிடிக்க வசதியில்லை என்று இந்த நாளை விட்டுவிட வேண்டியதில்லை.

கல்லணை போலவே எட்டும் தூரத்தில் இடங்கள் பல. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் 1836-இல் காட்டன் காலத்தில் கட்டப்பட்ட மேலணை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் அங்கே கொள்ளிடம் பகுதியின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து, பிறகு புதிய கதவணை எழுந்தது. ஸ்ரீரங்கம் மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. பட்டுக்கோட்டைப் பக்கம் மல்லிப்பட்டினம் கடலோரத்தில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டு மாடி மனோரா. முத்துப்பேட்டையில் படகில் போய்ப் பார்க்கும் அலையாத்திக் காடு. வெளிமான்கள் துள்ளும் கோடியக்கரை. ஓவியங்கள் தங்கியிருக்கும் சித்தன்னவாசல். இவற்றில் எதையும் பிள்ளைகளுக்கு அப்பா காட்டினால் அது வேறு.

அரசு செய்ய வேண்டியது

இந்த இடங்களுக்கு வருகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். தூக்குச் சட்டியும் பாயும் எடுத்து வருகிற குடும்பங்கள். அவர்களுக்குத் தேவை பெரிய கேளிக்கைப் பூங்கா அல்ல. சுத்தமான கழிப்பறை, குடிக்கத் தண்ணீர், உட்காரும் நிழல், வயதானவர் இறங்கும்படியான சாய்வுப் பாதை, ஆபத்தான துறைகளில் தடுப்பும் காவலும். பெண்கள் பல மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிற இடத்தை யாரும் குடும்பத்தோடு போகும் இடம் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பணம் இந்த மாவட்டங்களின் வீடுகளையும் கடைத்தெருக்களையும் நகைக்கடைகளையும் வளர்த்திருக்கிறது. அந்தப் பணத்தைச் சம்பாதித்தவர்கள் ஊருக்கு வரும் சில நாட்களில் போய் உட்கார நல்ல இடம் அமைத்துக் கொடுப்பது அரசின் கடமை.

மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது. காதணிக்கு நாள் பார்க்கிறோம், மொய்க்கு நாள் வைக்கிறோம், பத்திரப் பதிவுக்கு நாள் கேட்டுக் காத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருக்கும் அண்ணன்மாரே, மச்சான்மாரே, அடுத்த முறை டிக்கெட் போடும்போதே இந்த ஒரு நாளையும் குறித்து வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். எங்கே போகலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அன்றைக்கு விசேஷம் வைத்தால் வர முடியாது என்று சொந்தக்காரர்களிடம் இப்போதே சொல்லுங்கள். இரண்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த விடுப்பு அது. அதில் ஒரு நாளைக் கேட்கும் உரிமை வேறு யாரையும்விட உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதிகம்.